முதலாளியின் மனசாட்சி, தொழிலாளியின் கருப்பை

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஜூன் 30 அன்று வழங்கிய 'பர்வெல் எதிர் ஹாபி லாபி' தீர்ப்பை நான் இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை சட்டம் புரிய வேண்டும் என்பதற்காக. இரண்டாம் முறை, இந்தக் கதையில் யார் யாருக்குப் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதற்காக.

முதலாளிகளுக்குப் பெயர் இருக்கிறது. ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் கிரீன், அவர் மனைவி பார்பரா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். கைவினைப் பொருள் விற்கும் ஹாபி லாபி கடைகள் நாடு முழுக்க ஐந்நூறு, ஊழியர்கள் 13,000 பேருக்கு மேல். கோடிக்கணக்கில் நட்டம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை, மது சம்பந்தப்பட்ட வியாபாரம் எதையும் தொடுவதில்லை என்றெல்லாம் நீதிபதி சாமுவேல் அலிட்டோ பரிவோடு எழுதிக்கொண்டு போகிறார். கூடவே பென்சில்வேனியாவின் கோனெஸ்டோகா மரவேலை நிறுவனம். அதன் நிறுவனர் நார்மன் ஹான் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தன் வீட்டுக் கார் கொட்டகையில் தொழிலைத் தொடங்கினார் என்ற செய்திகூடத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. நல்ல சிறுகதைக்காரர் இப்படித்தான் ஒரு பாத்திரத்தை நமக்குப் பிடிக்கச் செய்வார்.

பெண்களுக்கும் பெயர் இல்லாமல் இல்லை. பார்பரா கிரீன், எலிசபெத் ஹான் ஆகியோர் உரிமையாளர் குடும்பத்தின் பெண்கள். தலைப்பில் வரும் பர்வெல், அன்றைய சுகாதாரத் துறைச் செயலர் சில்வியா பர்வெல். கல்லாவில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. வழக்கு அவளுடைய காப்பீட்டைப் பற்றியது. வழக்கில் அவள் கட்சிக்காரர் இல்லை. அரசாங்கமும் முதலாளியும் வாதாடினார்கள். அவளுடைய கருப்பை பேசுபொருளாக மேசைமேல் கிடந்தது.

வழக்கின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும், இல்லையேல் அபராதம் கட்ட வேண்டும் என்றது. வாரம் 30 மணி நேரம் வேலை செய்தால் முழுநேரம். செனட்டர் பார்பரா மிகல்ஸ்கி கொண்டுவந்த ஒரு திருத்தத்தால், பெண்களுக்கான தடுப்பு மருத்துவச் சேவைகளைக் கையிலிருந்து ஒரு காசும் வாங்காமல் தர வேண்டும் என்றாயிற்று. அந்தச் சேவைகள் எவை என்று மருத்துவ நிபுணர் குழு பட்டியல் போட்டபோது, அரசு அங்கீகரித்த கருத்தடை முறைகள் அனைத்தும் அதில் சேர்ந்தன. 2012 ஆகஸ்டிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் அருமை, அதற்கு முன் இருந்த நிலையைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். தனிநபர் காப்பீட்டுச் சந்தையில் ஒரே வயதுள்ள ஆணைவிடப் பெண்ணுக்குப் பிரீமியம் அதிகம். பெண்ணாயிருப்பதற்கே கட்டணம். முன்பு சிசேரியன் ஆனவர் என்றால் சில நிறுவனங்கள் விண்ணப்பத்தையே நிராகரித்தன. 2014இலிருந்து இவை சட்டவிரோதம். சட்டத்தைக் குறை சொல்லப் புகும் இந்தக் கட்டுரை அதை மறக்கவில்லை. (அதே சட்டம் நிறைவேறுவதற்கு விலையாகக் கருக்கலைப்பை அரசுப் பணத்திலிருந்து விலக்கிவைக்கும் ஆணையில் ஒபாமா கையெழுத்திட்டார். பெண்களுக்கான சீர்திருத்தங்களில் முதலில் பேரம் பேசப்படுவது எது என்று நமக்குத் தெரியும்.)

பட்டியலிலிருந்த இருபது முறைகளில் நான்கை கிரீன் குடும்பம் எதிர்த்தது. இரண்டு அவசரக் கருத்தடை மாத்திரைகள், காப்பர் டி போலக் கருப்பைக்குள் வைக்கும் இரண்டு சாதனங்கள். இவை கருவுற்ற முட்டையை அழிக்கக்கூடும், அதற்குப் பணம் தருவது பாவத்துக்கு உடந்தையாவது என்பது அவர்கள் நம்பிக்கை. இதில் ஒரு வேடிக்கை: அந்த இரண்டு மாத்திரைகளும் ஹாபி லாபியின் காப்பீட்டுத் திட்டத்தில் முன்பே இருந்தன. வழக்குப் போடும் சமயத்தில்தான் கவனித்து நீக்கினோம் என்று நிறுவனமே தன் மனுவில் சொன்னது. மனசாட்சி அதுவரை உறங்கிக்கொண்டிருந்ததா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. நம்பிக்கை உண்மையானதா என்பதே கேள்வி, உண்மையானதுதான் என்று முடித்துக்கொண்டது.

ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முதலாளிகள் வென்றார்கள். ஐவரும் ஆண்கள். அமர்விலிருந்த மூன்று பெண் நீதிபதிகளும் எதிர்ப்பக்கம்.

தீர்ப்பின் மையத்தில் ஒரு வாக்கியத் திருப்பம் இருக்கிறது. மாணவிகள் அதை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன். ஒரு வணிக நிறுவனத்துக்கு மதம் இருக்க முடியுமா? அலிட்டோவின் பதில் இப்படிப் போகிறது: நிறுவனம் என்பது மனிதர்கள் தங்கள் நோக்கங்களுக்காக அமைத்துக்கொண்ட ஒரு வடிவம், அதற்கு உரிமை தருவது அந்த மனிதர்களுக்கு உரிமை தருவதே. யார் அந்த மனிதர்கள்? பங்குதாரர்கள், நிர்வாகிகள், ஊழியர்கள் என்று முதலில் மூவரையும் எண்ணுகிறார். சில வரிகள் கழித்து, நிறுவனத்தின் மத உரிமையைக் காப்பது அதைச் சொந்தமாக வைத்து நடத்தும் மனிதர்களின் உரிமையைக் காப்பது என்று வருகிறது. ஊழியர்கள் எங்கே போனார்கள்? ஒரு பத்திக்குள்ளேயே காணாமல் போனார்கள். 13,000 பேரும் ஐந்து பேரும் சேர்ந்ததுதான் ஹாபி லாபி என்று தொடங்கிய வாதம், ஐந்து பேரே ஹாபி லாபி என்று முடிகிறது. இது தர்க்கப் பிழையா, வர்க்கப் பார்வையா என்று கேட்டால், இரண்டையும் பிரிக்க முடியாது என்றுதான் சொல்வேன்.

அவர் சார்ந்து நின்ற சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் கசப்பு இன்னும் கூடும். 1993இன் மத சுதந்திர மீட்புச் சட்டம் எதற்காக வந்தது? பூர்வகுடி அமெரிக்கர்களின் திருச்சபைச் சடங்கில் பெயோட்டி என்ற கள்ளிச்செடியை உட்கொண்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட இருவருக்கு, வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அந்த அநீதிக்குப் பதிலாக வந்த சட்டம் அது. வேலை இழந்த தொழிலாளியின் வழிபாட்டுக்காகப் பிறந்த சட்டம் இருபதே ஆண்டுகளில் வேலை கொடுப்பவரின் கையில் தொழிலாளிக்கு எதிரான ஆயுதமாயிற்று.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காப்பீடே வேண்டாம் என்று நிறுத்திவிட்டு அபராதம் கட்டலாமே, அது ஆண்டுக்கு 2.6 கோடி டாலர்தானே என்ற வாதம் வந்தது. (காப்பீடு கொடுத்து இந்த நான்கை மட்டும் விலக்கினால் அபராதம் ஆண்டுக்குச் சுமார் 47.5 கோடி டாலர்.) ஊழியர்களுக்குக் காப்பீடு வழங்குவதே இந்தக் குடும்பங்களுக்கு ஒரு மதக் கடமை என்று தீர்ப்பு பதில் சொல்கிறது. இங்கேதான் என் பென்சில் நின்றது. காப்பீடு இங்கே தர்மமாகிவிடுகிறது. அன்னதானம் செய்பவர் சமையலில் வெங்காயம் பூண்டு வேண்டாம் என்று சொல்லலாம். கூலி கொடுப்பவர் அந்தக் கூலியில் பூண்டு வாங்கக்கூடாது என்று சொல்ல முடியுமா?

காப்பீடு கூலிதான். அமெரிக்காவில் அது வேலையோடு ஒட்டிக்கொண்ட கதையே அதற்குச் சாட்சி. 1929இல் டல்லாஸ் நகரப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டினால் ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சை என்று பெய்லர் மருத்துவமனை ஏற்பாடு செய்தது. பின்னாளைய புளூ கிராஸ் திட்டங்களின் தொடக்கம் அது. தங்கள் பணத்தில் தாங்கள் வாங்கிய பாதுகாப்பு. பிறகு உலகப் போர். 1942இல் விலைவாசியைக் கட்டுப்படுத்தச் சம்பள உயர்வுக்கு அரசு தடை போட்டது. ஆனால் காப்பீடு போன்ற சலுகைகள் தடைக்குள் வரவில்லை. ஆள் பற்றாக்குறையில் தவித்த முதலாளிகள், சம்பளமாகத் தர முடியாததைக் காப்பீடாகத் தந்தார்கள். 1954இன் வரிச்சட்டம் அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை என்று உறுதிசெய்தது. ட்ரூமன் முயன்ற தேசியக் காப்பீடு மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பில் வீழ்ந்தபின், தொழிற்சங்கங்களும் பேச்சுவார்த்தை மேசையில் இதைத்தான் கேட்டு வாங்கின. ஆக, அந்தப் பணம் சம்பளக் கவரில் வந்திருக்க வேண்டியது. வேறு வழியாக வருகிறது, அவ்வளவுதான். வழி மாறியதால் கொடுப்பவரின் கை அதன்மேல் தங்கிவிட்டது.

அந்தக் கை பெண்ணுடலின்மேல் எப்படியெல்லாம் விழுந்திருக்கிறது என்பதற்கு ஹாபி லாபிக்கு முன்பே சான்று உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் உடல்நலமின்றி வேலைக்கு வர முடியாதவர்களுக்கு உதவித்தொகை தரும் திட்டத்தில் கர்ப்பத்தை மட்டும் விலக்கியிருந்தது. 1976இல் உச்ச நீதிமன்றம் இது பாலினப் பாகுபாடு ஆகாது என்றது. பெண்களையும் ஆண்களையும் இத்திட்டம் பிரிக்கவில்லையாம், கர்ப்பமானவர்களையும் ஆகாதவர்களையும்தான் பிரிக்கிறதாம்! அதே திட்டம் விந்துக்குழாய் அறுவைக்கும் சுன்னத்துக்கும் விளையாட்டில் பட்ட காயத்துக்கும் பணம் தந்தது என்பதை மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி பிரென்னன் எடுத்துக்காட்டினார். பெண்கள் போராடினார்கள், 1978இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் கருத்தடை மாத்திரைக்குப் பல திட்டங்கள் பணம் தரவில்லை. 1998இல் வயாகரா வந்தபோது அதற்குப் பணம் தரத் தயங்காத திட்டங்களும் அவற்றில் இருந்தன. அந்த முரண் வெளிச்சத்துக்கு வந்தபின்தான் 2000 டிசம்பரில், மற்றத் தடுப்பு மருந்துகளுக்குத் தந்துவிட்டுக் கருத்தடைக்கு மறுப்பது பாகுபாடு என்று சமவாய்ப்பு ஆணையம் சொன்னது.

ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் மாறுபட்ட தீர்ப்புக்கு இப்போது வரலாம். நம் தோழிகள் பலர் அதைக் கொண்டாடினார்கள். எனக்கும் பிடித்தமானதுதான். காப்பர் டி போன்ற சாதனம் ஒன்றைப் பொருத்த ஆகும் செலவு, குறைந்தபட்ச ஊதியம் பெறும் ஒரு பெண்ணின் ஏறத்தாழ ஒரு மாத முழுச் சம்பளம் என்று அவர் எழுதினார். அந்த ஊதியம் மணிக்கு 7.25 டாலர். பெரும்பான்மைத் தீர்ப்பில் கிடைக்காத பெண் இந்த ஒரு கணக்கில் கிடைத்துவிடுகிறாள். இன்று கருத்தடை, நாளை ரத்தம் ஏற்றுவதை எதிர்க்கும் முதலாளி, மறுநாள் தடுப்பூசியை எதிர்க்கும் முதலாளி என்று எச்சரித்ததும் அவர்தான்.

பெரும்பான்மையினர் இதைப் பயமுறுத்தல் என்று ஒதுக்கினார்கள். மதம் சார்ந்த லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு ஏற்கெனவே ஒரு மாற்று வழி இருக்கிறது. அமைப்பு ஒரு படிவத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பெண்ணுக்குச் செலவை ஏற்கும். அதை ஹாபி லாபிக்கும் நீட்டலாம். ஆகவே பெண்களுக்கு நேரும் பாதிப்பு சரியாகப் பூஜ்யம் என்றார்கள். தீர்ப்பு வந்து மூன்றே நாளில், ஜூலை 3 அன்று, வீட்டன் கல்லூரி அந்தப் படிவத்தை நிரப்புவதும் பாவம் என்று வந்து நின்றது. அதே நீதிமன்றம் இடைக்கால விலக்கு அளித்தது. நீதிமன்றத்தின் வார்த்தையை நம்பலாம் என்று மக்கள் நினைப்பதுண்டு, இன்று அப்படி இல்லை என்ற பொருளில் சோனியா சோட்டோமேயர் கோபமாக எழுதினார். பூஜ்யத்தின் ஆயுள் மூன்று நாள்.

ஆனாலும் கின்ஸ்பர்க்கிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முதலாளிக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவே தூரம் அதிகம், முடிவெடுப்பவள் பெண், ஆலோசனை சொல்பவர் மருத்துவர், எனவே முதலாளிக்குப் பாவம் ஒட்டாது என்பது அவர் வாதம். சரியான வாதம். முதலாளி ஏன் அந்த வழியில் நிற்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. நீதிபதியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பீர்கள். இயக்கத்திடம் எதிர்பார்க்கலாம் இல்லையா? அந்த ஆண்டுகளில் பெண்கள் அமைப்புகளின் குரல் பெரும்பாலும் 'என் முதலாளி என் படுக்கையறைக்குள் வர வேண்டாம்' என்பதாக இருந்தது. மாத்திரையைத் தாண்டி, பிரசவம், பல்வலி, மனநோய் எல்லாவற்றிலும் அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார் என்பதை உரக்கச் சொன்னவர்கள் குறைவு. சீர்திருத்தச் சட்டம் அவரை வெளியேற்றவில்லை, கதவருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தது.

இன்னொரு பழைய ஏற்பாட்டையும் அது தொடவில்லை. வேலைவழிக் காப்பீடு என்பது சம்பாதிக்கும் கணவன், அவனைச் சார்ந்த மனைவி என்ற குடும்பத்தை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. புதிய சட்டப்படி பெரிய நிறுவனம் ஊழியருக்கும் 26 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் காப்பீடு வழங்க வேண்டும். வாழ்க்கைத்துணைக்கு வழங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2013இல் யு.பி.எஸ். நிறுவனம், வேறிடத்தில் காப்பீடு கிடைக்கக்கூடிய சுமார் 15,000 வாழ்க்கைத்துணைகளை நீக்குவதாக அறிவித்தபோது அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சரி, அரசு மானியத்தோடு சந்தையில் வாங்கலாமே என்றால் அங்கும் ஒரு பொறி. ஊழியர் ஒருவருக்கு மட்டும் ஆகும் பிரீமியம் குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ 9.5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்தக் காப்பீடு 'கட்டுப்படியாகக்கூடியது'. மனைவியையும் பிள்ளைகளையும் சேர்த்தால் எவ்வளவு ஆகும் என்பது கணக்கில் வராது. கட்டுப்படியாகிறது என்று தாளில் எழுதியிருப்பதால் மனைவிக்கு மானியமும் கிடையாது. 'குடும்பக் கோளாறு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டு 2022 அக்டோபர் வரை விட்டுவைத்திருந்தார்கள்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி நியூஜெர்சியில் இருக்கிறாள். எச்-4 விசாவில் போனவள். விசா கணவனுடைய வேலையைப் பிடித்துத் தொங்குவது, காப்பீடும் அதே வேலையைப் பிடித்துத் தொங்குவது. எம்.எஸ்ஸி. படித்தவள் பல வருடம் வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டிலிருந்தாள். அவளுடைய காப்பீட்டு அட்டையை ஒருமுறை வீடியோ அழைப்பில் காட்டினாள். மேலே கணவன் பெயர், கீழே இவள் பெயர், பக்கத்தில் டிபெண்டெண்ட். "ரேஷன் கார்டுலயாவது நம்ம ஊர்ல இப்ப குடும்பத் தலைவின்னு போடுறான்டி" என்று சிரித்தாள். பிறகு வேலை அனுமதி கிடைத்து ஒரு கடையில் சேர்ந்தாள். வாரம் 28 மணி நேரம். ஏன் 28 என்று கேட்டேன். "முப்பதைத் தொட்டா இன்சூரன்ஸ் குடுக்கணுமே" என்றாள். அந்தக் கடையில் அவளைப் போல 28 மணி நேரம் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் டிரம்ப் அரசு விலக்கை மதம் தாண்டி ஒழுக்க ஆட்சேபம் வரை விரித்தது. 2020 ஜூலையில் ஏழுக்கு இரண்டு என்று உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை கருத்தடைக் காப்பீட்டை உடனே இழக்கக்கூடும் என்ற அரசின் சொந்தக் கணக்கை கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். அந்த வழக்கின் வாதங்களை அவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தொலைபேசியில் கேட்டார். செப்டம்பரில் இறந்தார். 2022இல் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்குக் காப்பீடு தர மறுக்கும் முதலாளியின் மத உரிமையை ஏற்றது. அது தன் ஊழியரை ஒருபாலுறவுக்கு ஊக்குவிக்கிறதாம். அலிட்டோ பயமுறுத்தல் என்று ஒதுக்கிய எச்சரிக்கை இப்படி நடந்தேறியது.

நம் ஊர்ப் பெண்கள் இந்தத் தீர்ப்பைக் கேட்டால் குழம்பித்தான் போவார்கள். இங்கே அரசு மருத்துவமனையில் பிரசவம் முடிந்த கையோடு, சரியாகக் கேட்காமலே காப்பர் டி போட்டு அனுப்பிவிட்டார்கள் என்ற முறையீட்டை நாம் கேட்டிருக்கிறோம். அங்கே கேட்டும் தர மாட்டேன் என்கிறார் கடை முதலாளி. இரண்டு இடத்திலும் கேட்கப்படாதவள் ஒருத்தியே. ஆனாலும் இரண்டையும் சமமாக்கிவிட எனக்கு மனமில்லை. இங்கே அந்தச் சாதனம் இலவசம், யாருடைய மனைவி, எங்கே வேலை என்று யாரும் கேட்பதில்லை. அது சின்ன விஷயமில்லை.

2023இல் தோழியின் கணவனுக்கு வேலை போனது. விசாவுக்கு 60 நாள் அவகாசம். காப்பீடு அந்த மாதக் கடைசியோடு சரி. கோப்ரா என்ற சட்டப்படி 18 மாதம் வரை பழைய காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும், அதற்கு மேல் 2 சதவீதத்தையும் தாங்களே கட்ட வேண்டும். கட்டவில்லை. ஐம்பதாவது நாளில் வேறு வேலை கிடைத்தது. புதிய நிறுவனத்தின் காப்பீட்டில் மனைவியைச் சேர்க்கும் தொகை கட்டுப்படியாகவில்லை என்று பிள்ளையை மட்டும் சேர்த்தார்கள். அவளுக்கு 2014இல், ஒரு காசு செலவில்லாமல், பத்து வருடக் காப்பர் டி போட்டிருந்தார்கள். கெடு முடிந்த வருடம் ஊருக்கு வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அதை எடுத்துவிட்டு வேறு போட்டுக்கொண்டாள். நர்ஸம்மா அவளிடம் விருப்பமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சீட்டில் கணவர் பெயர் என்ற இடத்தை நிரப்பச் சொன்னார்கள்.